பத்தில் ஒன்பது பெட்டி காலி: தேனீக்களுக்கு வந்த கொள்ளைநோய்

தேனீ அழிஞ்சா நாலே வருஷத்துல மனுஷ இனமும் அழிஞ்சிடும்னு ஐன்ஸ்டீன் சொன்னதா ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை மக்களே. ஃபார்வர்ட் பண்ணியிருந்தா பரவாயில்லை, இதைப் படிங்க.

தேனீ இல்லாவிட்டாலும் நெல் விளையும். கோதுமை, சோளம் விளையும். இந்தப் புல்வகைப் பயிர்களுக்குக் காற்றும், தன்னுடைய மகரந்தமுமே போதும். வயிறு நிறைஞ்சிடும்.

ஆனால் உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் கிட்டத்தட்ட முக்கால்வாசி, ஏதோ ஓர் அளவுக்குப் பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றை நம்பித்தான் காய்க்குது. பூசணி, பாகல், தர்பூசணி, மா, சூரியகாந்தி, ஏலக்காய் எல்லாம் இந்தப் பட்டியல்தான். வைட்டமின் ஏ, வைட்டமின் சி, ஃபோலேட் நம்ம தட்டுக்கு வருவதில் பெரும்பங்கு இந்தப் பக்கமிருந்துதான். அதாவது தேனீ போனா பஞ்சம் வராது. வயிறு நிறைஞ்சும் சத்து இல்லாத நிலை வரும். டாக்டரா எனக்கு அதுதான் பயம். பட்டினி வெளியே தெரியும். இது தெரியாது.

சரி, தேனீக்கள் கூட்டம் கூட்டமா சாகுமா? செத்திருக்கு. அதுவும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலேயே. அந்தக் கதைதான் இது.

ஒரு காலத்தில் தேன் எடுப்பது என்றால் புகை போட்டு, தேனீயை விரட்டி, அடையோடு பிழிவது. கூடு அத்தோடு காலி. 1851ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். அடைகளுக்கு நடுவே சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா, தேனீ அதை நடைபாதையா விட்டுடும். குறைஞ்சா பிசின் வெச்சு அடைக்கும், கூடினா இன்னொரு அடை கட்டும். அந்த அளவை வெச்சுத்தான் சட்டங்களைக் கழற்றி மாட்டுற பெட்டி வந்தது. தேனை எடுத்துட்டு அடையைத் திருப்பி வெச்சிடலாம், கூட்டமும் பிழைக்கும்.

ஆனால் அது ஐரோப்பியத் தேனீயின் அளவுக்குச் செஞ்ச பெட்டி. நம்ம இந்தியத் தேனீ (அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றும் சொல்வாங்க) உருவத்திலும் கூட்டத்திலும் சின்னது. 1910களில் திருச்சி வட்டாரத்தில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் நம்ம தேனீக்கு ஏற்றபடி சின்னப் பெட்டி ஒன்றைச் செஞ்சார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கு. (இது ஆப்பிள் நியூட்டன் இல்லைங்க!)

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கியது. அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் தலைமையில் ஏழை விவசாயிகளுக்குக் கைத்தொழில்கள் கற்றுக்கொடுத்தாங்க, அதில் ஒன்று தேனீ வளர்ப்பு. சுத்தி இருந்த ரப்பர் தோட்டங்கள் இதுக்குக் கைகொடுத்தது. ரப்பரில் தேன் பூவிலிருந்து மட்டும் வரணும்னு இல்லை. இலை துளிர்க்கும்போது காம்பு நுனியில் இருக்கிற சுரப்பிகளிலேயே இனிப்பு நீர் கசியும். நிலம் இல்லாதவரும் பத்துப் பெட்டி வெச்சுப் பிழைக்க ஒரு வழி கிடைச்சது.

(இடையில் ஒன்று. பிறந்த குழந்தைக்குத் தேனைத் தொட்டு சேனை வைக்காதீங்க. ஒரு வயசு முடியும்வரை தேன் வேண்டவே வேண்டாம். பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். பெரியவங்களை ஒண்ணும் செய்யாது, பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.)

1991-92ல் வந்தது தாய் சாக்புரூட். இந்தத் தாய் அம்மா இல்லை, தாய்லாந்து. அங்கே 1976ல் கண்ட வைரஸ், 70களின் இறுதியில் வடகிழக்கு இந்தியாவுக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கியது. போலியோ வைரஸுக்குத் தூரத்துச் சொந்தம்.

தாக்குவது புழுப் பருவத்தை. புழு தன் கடைசித் தோலை உரிக்க முடியாமல், தோலுக்கும் உடம்புக்கும் நடுவே நீர் கோர்த்து, சின்னப் பை மாதிரி ஆகிச் சாகும். சாக் என்றால் பை. இடுக்கியால் தூக்கினா தண்ணீர்ப் பை மாதிரியே தொங்கும்.

பரவும் விதம்தான் கொடுமை. செத்த புழுவை வெளியே இழுத்துப் போடுவது கூட்டின் இளம் தேனீக்கள். அப்போ வைரஸ் அதுங்க உடம்புக்குள் போகுது. ஆனா வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அதே தேனீக்கள்தான் மற்ற புழுக்களுக்குப் பால் சுரந்து ஊட்டும் செவிலிகள். ஒவ்வொரு ஊட்டலிலும் வைரஸும் சேர்ந்து போகுது. கொரோனா நேரத்தில் அறிகுறி இல்லாத தொற்று என்று நாங்க தொண்டை கிழியக் கத்தினோமே, அதே சங்கதி. இதில் பெட்டியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தூக்கிட்டுப் போனா, நோயும் கூடவே போகும்.

தென்னிந்தியாவில் வளர்ப்பில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிஞ்சதாகப் பதிவாகியிருக்கு. தலைமுறையா செஞ்ச தொழிலை விட்டவங்க ஏராளம். மருந்து கிடையாது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சளி பிடிச்ச அன்றே ஆன்டிபயாடிக் கேட்டு வர்றவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினாங்க. 1962ல் வட இந்தியாவில் வேரூன்றிய இனம் அது, இந்த வைரஸ் அதைப் பெரிசா பாதிக்கலை. தேனும் அதிகம் தரும். ஆனா தீனியும் பராமரிப்பும் அதிகம் கேட்கும், பத்துப் பெட்டிக்காரருக்குக் கட்டுப்படி ஆகாது. அதோடு, இந்தியத் தேனீ காலங்காலமா சமாளிச்சுக்கிட்டு வந்த வரோவா உண்ணி, இத்தாலியத் தேனீயை அழிச்சிடும்.

இந்தியத் தேனீ மீண்டது எப்படி? அந்தப் பத்தில் ஒன்றாய் மிஞ்சின கூட்டங்களிலிருந்து. நோயைத் தாங்கின கூட்டத்தைப் பிரிச்சு, அதிலிருந்தே புது ராணி வளர்த்து, மறுபடி பெட்டிகளை நிரப்பினாங்க. நோய் இன்னும் அவ்வப்போது தலைகாட்டும். அப்போ ராணியைச் சில நாள் சின்னக் கூண்டில் அடைச்சு வைப்பாங்க. முட்டை இல்லைன்னா புழு இல்லை, புழு இல்லைன்னா வைரஸுக்கு வேலை இல்லை. சங்கிலியை அறுப்பது, லாக்டவுன் மாதிரி!

அடுத்த தடவை மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கினா, எந்தத் தேனீயோட தேன் என்று கேட்டுப் பாருங்க. அடுக்குத் தேனீ என்று சொன்னா, அது பெரும்பாலும் 92ல் செத்துப் போகாத அந்தப் பத்தில் ஒன்றின் வாரிசுதான்.