சென்னை வீட்டுமுறைக் காசநோய் மருத்துவ ஆய்வு

சென்னை வீட்டுமுறைக் காசநோய் மருத்துவ ஆய்வு என்பது 1956-இல் தொடங்கப்பட்டு, 1959-இல் முடிவுகள் வெளியான மருத்துவ ஆய்வாகும். ஏழைக் காசநோயாளி வீட்டிலிருந்தே குணமடைய முடியுமா என்ற கேள்விக்கு இது விடை தந்தது.

பின்னணி

மருந்துகள் வருமுன் ஓய்வு, சத்துணவு, தூய காற்று ஆகியவையே காசநோய்க்கு மருத்துவமாகக் கருதப்பட்டன. இதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. தாம்பரம் சானடோரியம் 1928-இல் நிறுவப்பட்டது.

1948-இல் பிரித்தானியா வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களில் இறந்தனர். ஆனால் தனி மருந்தாகக் கொடுத்தபோது கிருமிகள் விரைவில் எதிர்ப்புத் திறன் பெற்றன. எனவே மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வந்தது. 1952-இல் ஐசோனியசிட் பயன்பாட்டுக்கு வந்தது.

மருந்து கிடைத்தும், இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படுக்கைகள் இல்லை.

ஆய்வு முறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. மருத்துவர் வாலஸ் பாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார்.

நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள், குலுக்கல் போன்ற முறையில் வீடு, சானடோரியம் என இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருப்போர் மருந்தை உண்கிறார்களா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர்.

முடிவுகள்

ஓராண்டு முடிவில் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. பின்வந்த ஆண்டுகளில் நோய் திரும்புவதிலும் பெரிய வேறுபாடு இல்லை.

சிகிச்சைப் பலனைப் பாதித்த காரணிகள்

உணவும் ஓய்வும்: சானடோரியத்தில் உணவு மேலானது, அங்கிருந்தோர் எடை கூடுதலாக ஏறியது. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டு, அதிகம் உழைத்தனர். எனினும் தகுந்த மருந்து கிடைத்தபோது இவை குணமடைதலைத் தீர்மானிக்கவில்லை.

ஒழுங்கு: மருந்தைத் தவறாமல் உண்பதே அடிப்படை. சில வாரங்களில் இருமல் குறைந்ததும் நோய் போய்விட்டதென எண்ணி மருந்தை நிறுத்துவோர் உண்டு. எனவே கண்காணிப்பில், வாரம் இருமுறை மருந்து தரும் முறையை மையம் சோதித்து நல்ல பலன் கண்டது.

உடலியல்பு: சிலரது உடல் ஐசோனியசிட்டை விரைவாகச் செயலிழக்கச் செய்கிறது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தந்தபோது இத்தகையோருக்குப் பலன் குறைந்தது.

குடும்பத்தினருக்குத் தொற்று

நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் உடனிருந்தோருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை. நோய் கண்டறியப்படும் முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது.

தாக்கம்

நோயாளியை வேலையிலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் மாதக்கணக்கில் பிரிக்க வேண்டிய தேவை இதனால் நீங்கியது. 1962-இல் தொடங்கிய இந்தியக் காசநோய்த் திட்டமும் வீட்டு மருத்துவத்தையே சார்ந்திருந்தது. சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

உணவு தேவையில்லை என்று இதற்குப் பொருளன்று. 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், சிகிச்சையின் முதல் இரு மாதங்களில் எடை கூடியோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. உணவு மருந்துக்குத் துணை, மாற்று அன்று.