காலில் ஆறாத புண்ணும் அழுத்தக் கட்டும்: மருத்துவச் சான்றுகள் கூறுவது என்ன?

நரிக்குடி, திருச்சுழிப் பகுதிகளில் சீமைக்கருவேல் வெட்டுவோர் முள் கீறிய காலுடன் மருத்துவமனைக்கு வருவது வழக்கம். அக்காயங்களில் பெரும்பாலானவை இரண்டு வாரங்களுக்குள் ஆறிவிடும். கணுக்காலின் உட்புறத்தில், கருத்துத் தடித்த தோலின் நடுவே தோன்றிய புண் மட்டும் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். முள்ளின் நஞ்சே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் அது சிரைப்புண் ஆகும்.

இரத்தத்தை இதயத்திற்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்களே சிரைகள். பேச்சுவழக்கில் இவற்றை 'நரம்பு' என்கிறோம். இவற்றின் உள்ளிருக்கும் வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் காலிலேயே தேங்கும். தறி ஓட்டுவோர் போல நாள் முழுவதும் நின்று வேலை செய்வோருக்கு இத்தொல்லை மிகும். தேங்கிய இரத்தத்தை எந்தக் களிம்பும் மேலேற்றாது. கணுக்காலில் மிகுந்தும் முழங்காலை நோக்கிக் குறைந்தும் அமையும் அழுத்தமே அதைச் செய்யும்.

சான்றுகள்

அழுத்தக் கட்டு அணிவோருக்குச் சிரைப்புண் விரைவில் ஆறுகிறது என்பதை 2021ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு உறுதிசெய்கிறது. கட்டுடன் பழுதான சிரைக்கும் தொடக்கத்திலேயே சிகிச்சை அளித்தால் பலன் கூடுகிறது. பிரிட்டனில் 450 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அவ்வாறு சிகிச்சை பெற்றோருக்குப் புண் ஆற இடைநிலையாக 56 நாட்களும், சிரைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தோருக்கு 82 நாட்களும் ஆயின.

நாள்பட்ட வீக்கமுள்ள காலில் அடிக்கடி காய்ச்சலுடன் சிவந்து வலிக்கும் செல்லுலைட்டிஸ் நோய்க்கும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் நடந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், அழுத்தச் சிகிச்சை பெற்றோரில் 15 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 40 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டும் வந்தது.

எல்லாவற்றுக்கும் இது மருந்தன்று. புண்ணின்றிச் சிரை புடைத்திருப்பதற்குக் காலுறை மட்டுமே போதும் எனக் கூறத் தக்க சான்று இல்லை. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தோருக்குப் பின்னாளில் வரும் கால் வீக்கத்தையும் வலியையும் காலுறை தடுக்கவில்லை என 806 பேரிடம் நடந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கட்டுவதற்கு முன்

காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டிருக்கும்போது இறுக்கிக் கட்டினால் காலையே இழக்க நேரிடலாம். ஆகவே கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கட்ட வேண்டும். அந்த விகிதம் 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் கூடாது, 0.5க்குக் கீழே இருந்தால் கட்டவே கூடாது. நீரிழிவு நோயாளிகளுக்குத் தமனி இறுகி, இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டலாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் இறுக்கமும் தெரியாது. புகைப்போரும் இதயச் செயலிழப்பு உள்ளோரும் தாமாகக் காலுறை வாங்கி அணிய வேண்டாம்.

அணியும் முறை

காலையில் படுக்கையை விட்டு எழுமுன், வீக்கம் ஏறாத நிலையில் அணிய வேண்டும். விரல்களின் அடியில் தொடங்கிக் குதிகாலையும் மூடி முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றுக. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண கிரேப் பேண்டேஜ் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். அதை நம்பிப் பயனில்லை. விரல்கள் நீலமாகினாலோ, மரத்தாலோ, வலி கூடினாலோ உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவரைக் காண்க.

சித்திரை வெயிலில் காலுறை அணிவது கடினம் என்பது உண்மையே. பலர் கைவிடுவதும் அப்போதுதான். இயலாதோர் மருத்துவரிடம் கூறினால் அழுத்தம் குறைந்த காலுறைக்கு மாற்றித் தருவார். குறைந்த அழுத்தமும் அணியாமல் இருப்பதைவிட மேல். புண் ஆறிய பின்னும் காலுறையைத் தொடர வேண்டும். ஏறத்தாழ ஆறு மாதங்களில் அதன் இழுவை குறைந்துவிடும் என்பதால் புதியது மாற்றுக.