வர்ஜீனியா ஆப்கார் ஆவணங்கள்

பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் முறையை வகுத்த அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் (1909–1974) விட்டுச்சென்ற கடிதங்கள், கட்டுரைகள், புகைப்படங்கள் முதலியவற்றின் தொகுப்பு. அவர் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய நியூயார்க் மருத்துவமனையில் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரிக் காப்பகத்தில் இது இருக்கிறது. 1929இல் அவர் பட்டம் பெற்ற மகளிர் கல்லூரி அது.

1933இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தவருக்கு அறுவை மருத்துவராகவே ஆசை. தலைமை மருத்துவர் ஆலன் விப்பிள்தான் மயக்க மருந்துத் துறைக்குத் திருப்பிவிட்டார். பயிற்சிக்குப் போன மேடிசன் நகரில் பெண் மருத்துவருக்குத் தங்க அறைகூட இல்லை. 1949இல் அதே கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியர் ஆனார்.

மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு, கைக்கு எட்டிய தாளில் ஐந்து குறிப்புகளைக் கிறுக்கிவிட்டு, சரிபார்க்கப் பிரசவ அறைக்கு ஓடினார் என்பார்கள். இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோல் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. கதை சுவையானதுதான். ஆனால் அந்த முறையை நிலைநாட்டியது 1953இல் வெளியான கட்டுரையும், அதன்பின் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்துச் சேர்த்த கணக்குகளும்.

ஆவணங்களின் தேவை இங்கேதான் புரியும். பிறந்த ஒரு நிமிடத்தில் எந்தக் குழந்தைக்கு உடனே உதவி வேண்டும் என்று சொல்லத்தான் ஆப்கார் இதை வகுத்தார். பின்னாளில் சிலர் அதைக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஜோசியம் பார்க்கும் கருவியாக்கினார்கள். தனியொரு குழந்தையின் எதிர்காலத்தை இந்த எண்ணைக் கொண்டு கணிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல, மகப்பேறு மருத்துவ அமைப்புகள் 2015இல் கூட்டாக எச்சரித்தன. முதல் கட்டுரையைப் படித்தவருக்கு அந்தக் குழப்பமே வந்திருக்காது.

ஆப்காரின் எல்லாப் பொருளும் தாளில் அடங்கியதல்ல. மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கழற்றிய பலகையில் வயோலா செய்ய உதவியவர் அவர்! அந்த வாத்தியம் கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய தொகுப்புகளில் சிக்கலும் உண்டு. நோயாளி பெயருள்ள தாள்களைக் காப்பகங்கள் எளிதில் திறந்துகாட்டுவதில்லை. ஆப்கார் தொகுப்பில் தேர்ந்தெடுத்த பகுதிகளை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மின்னுருவாக்கி, தன் ‘அறிவியலில் ஆளுமைகள்’ வரிசையில் வைத்திருக்கிறது. இணையம் இருக்கும் எவரும் அவற்றைக் காசில்லாமல் படிக்கலாம்.