குப்பைமேட்டின் அடியில் என்ன இருக்கிறது? தோண்டாமல் அறியும் வழி

குளுவாங் மாவட்டத்தின் சிம்பாங் ரெங்கம் மக்கள் 2019-ஆம் ஆண்டை எளிதில் மறக்க மாட்டார்கள். குப்பைமேட்டின் கசிவுநீர் ஆற்றில் கலந்து அம்மோனியா அளவு கூடியதால், அங்குள்ள நீர் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது, குழாய்கள் வறண்டன.

ஆற்றில் கலந்ததை அளந்துவிடலாம். மண்ணுக்குள் இறங்கியது எதுவரை பரவியிருக்கிறது? கிணற்றை நம்பியிருக்கும் தோட்டத்து வீடுகளுக்கு இதுதான் பெரிய கேள்வி. ஒரு துளை போட்டால் அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் தெரியும். பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. செலவும் அதிகம். அதனால்தான் முதலில் புவி இயற்பியல் ஆய்வு செய்கிறார்கள்.

அதிகம் பயன்படுவது மின்தடை ஆய்வு. நேர்கோட்டில் உலோக முளைகளை அடித்து, இரண்டின் வழியே மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தப்படும். வேறு இரண்டுக்கு இடையிலான மின்னழுத்தம் அளக்கப்படும். கசிவுநீரில் உப்புகள் நிறைய கரைந்திருப்பதால் மின்சாரம் அதில் சுலபமாக ஓடும். நல்ல நீர் உள்ள மணலில் மின்தடைத்திறன் பல பத்து ஓம்-மீட்டர் இருக்கும்; கசிவுநீர் ஊறிய மண்ணில் 10-க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. 200 மீட்டர் நீளத்துக்கு முளை அடித்தால் ஏறக்குறைய 30 முதல் 40 மீட்டர் ஆழம்வரை கணினியில் வண்ணப் படமாகப் பார்க்கலாம்.

ஆனால் படத்தை அப்படியே நம்பிவிட முடியாது. பத்து பகாட், பொந்தியான் பக்கத்துக் கடலோரக் களிமண்ணும் உப்புநீரும்கூட மின்தடை குறைந்தவைதான். கசிவே இல்லாத இடமும் கெட்டுப்போனதுபோல் தெரியலாம். பெட்ரோல் கசிவோ நேர்மாறு. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. ஆண்டுகள் கழிந்து நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகு அந்த அடையாளமும் மாறலாம். தரை ஊடுருவும் ரேடார் களிமண்ணில் அதிக ஆழம் போகாது. புதைத்த இரும்புப் பீப்பாய்களைத் தேட காந்தமானி நன்றாக உதவும்.

எந்தக் கருவியும் நச்சின் பெயரைச் சொல்வதில்லை. எங்கே துளையிட வேண்டும் என்பதைத்தான் காட்டும். அங்கே எடுத்த நீரை, கசிவு எட்டாத மேட்டுப்பக்கத்து நீரோடு ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்ல முடியும்.

அதுவரை, குப்பைமேட்டுக்குப் பள்ளத்தில் உள்ள கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. காய்ச்சினால் கிருமிகள் சாகும். கன உலோகமும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும்.