அகலக்கோணப் பொம்மைக் கேமரா

பிளாஸ்டிக் உடலும் பிளாஸ்டிக் லென்சும் கொண்ட, 35 மி.மீ. பிலிம் ரோல் போடும் மலிவுக் கேமரா வகை. ஃபோகஸ் திருகும் வேலை இல்லை. ஒளித்துளையையும் ஷட்டர் வேகத்தையும் மாற்ற முடியாது. இவ்வகையில் பெயர் பெற்றது விவிடாரின் ‘அல்ட்ரா வைடு அண்டு ஸ்லிம்’. அதன் லென்ஸ் 22 மி.மீ., ஒளித்துளை எஃப்/11, ஷட்டர் 1/125 நொடி. மூலைக்கு மூலை ஏறத்தாழ 90 பாகை காட்சி அடங்கும். படத்தின் ஓரங்கள் இருண்டு வரும். அந்தக் குறைக்காகவே ரசிகர்கள் இதைத் தேடி வாங்கினார்கள். அதே அமைப்பில் ரெட்டோ நிறுவனம் 2022இல் மறுபதிப்பு ஒன்றை வெளியிட்டது.

பொம்மைக் கேமராவின் வம்சம் ஹாங்காங்கில் தொடங்குகிறது. கவுலூனின் கிரேட் வால் பிளாஸ்டிக் ஆலை 1960களில் ‘டயானா’வைச் செய்தது. அமெரிக்கக் கல்லூரிகள் சில அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டன. நான்சி ரெக்ஸ்ரோத் அதில் எடுத்த படங்களை 1977இல் ‘அயோவா’ என்ற நூலாக்கினார். 1982இல் ‘ஹோல்கா’ வந்தது. 1992இல் வியன்னாவில் லோமோகிராஃபி சங்கம் பிறந்தபின், ஒளி கசிந்த படமும் சாய்ந்த படமும் ஒரு பாணியாகவே ஆயின.

இந்தியாவின் கதை வேறு. பரோடாவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த ‘ஆக்ஃபா கிளிக் த்ரீ’யும் ஒற்றை லென்ஸ் பெட்டிதான், 120 ரோலில் 12 சதுரப் படம் விழும். ஆனால் அதைப் பொம்மை என்று யாரும் சொல்லவில்லை. காதுகுத்து, கல்யாணம், பழனிப் பயணம் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும். ஒன்று வீணானால் வீட்டில் திட்டு விழும். விளையாட்டுக்கு இடமே இல்லை. பிலிமும் இங்கேயே தயாரானது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் விற்றது. ஆலை மூடிவிட்டது, இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. பிலிமில் வேடிக்கைக்குப் படமெடுக்கும் பழக்கம், டிஜிட்டல் வந்து பிலிமுக்கு அவசியம் போன பிறகே இங்கு வந்தது.

அகலக்கோணப் பொம்மைக் கேமராவின் பலமும் பலவீனமும் தெரிய வேண்டுமானால் சூரியநெல்லி போன்ற மலையூருக்கு எடுத்துப் போகலாம். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் பகுதியின் இந்தத் தேயிலை ஊரிலிருந்துதான் விடியுமுன் கொழுக்குமலைக்கு ஜீப்புகள் கிளம்புகின்றன. மலை தேனி மாவட்டத்தில், பாதையோ கேரளத்தில். உச்சியில் சூரியன் எழும் நேரத்தில் எஃப்/11 உதவாது. வானம் பதியும், ஆட்கள் கரிக்கட்டை ஆவார்கள். பளிச்சென்ற வெயிலுக்கு 100 ஐ.எஸ்.ஓ. ரோல் போதும். மேகம் மூடினால் 400 வேண்டும். வண்ண நெகட்டிவ் கூடுதல் ஒளியைத் தாங்குமாதலால் நாள் முழுக்க 400ஐயே போட்டுவைப்பது மேல். 22 மி.மீ. லென்ஸ் தொலைவிலுள்ள மலையைக் குன்றாக்கிவிடும் என்பதால், ஒரு மீட்டர் தள்ளி தேயிலைச் செடியோ ஜீப்பின் முகப்போ முன்னால் நிற்க வேண்டும். பிடிக்கும் விரல் லென்சுக்குள் நுழைந்துவிடுவது இதில் சகஜம். வ்யூஃபைண்டரில் அது தெரியாது, ரோலைக் கழுவி வாங்கும்போதுதான் தெரியும்.