கரையும் ஓரம், கரையாத ஓரம்

காரின் கதவில் விழுந்த கீறலை மட்டும் மறைத்து, புதிய பூச்சைப் பழையதோடு இசைத்துவிடும் வேலையைப் பட்டறைகளில் ‘டச்சப்’ என்பார்கள். இந்தச் சிறு வேலையின் வரலாற்றைத் தேடிச் சென்றால், ஒரு நூற்றாண்டாக வண்ணக்காரர்களை வாட்டிவந்த கவலை ஒன்றுதான் என்று காண்கிறோம்: புதியது முடிந்து பழையது தொடங்கும் அந்த ஓரம்.

தொடக்கத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே மோட்டார் வண்டிக்கும் தூரிகையால் பூசினார்கள். உலரவைத்து, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸில் கைதேர்ந்திருந்த அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் அதே பொருளிலிருந்து ‘டூகோ’ என்னும் லாக்கரை உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை நீல நிறத்தில் பூசி, 1924ஆம் ஆண்டின் ஓக்லாண்ட் மாடலாக விற்றது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம் ஊரில் இன்றும் மர அலமாரிக்குக்கூட ‘டூகோ பெயின்ட்’ அடிக்கிறார்கள். பெயரின் பூர்வீகம் இதுதான்.

லாக்கருக்கு ஓர் அருங்குணம் உண்டு. தின்னர் ஆவியாகிப் போவதாலேயே அது இறுகுகிறது. மீண்டும் தின்னர் பட்டால் இளகுகிறது. ஆகவே மேலே அடித்த புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஓரமே இராது. காய்ந்தபின் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் மங்கல் நீங்கிப் பளபளப்பு எழும். பழுது பார்ப்பவனுக்கு இதைவிட இணக்கமான பூச்சு அதன்பின் வாய்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

துணைக்கருவிகளும் அக்காலத்தவையே. நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் 1921இல் 3எம் நிறுவனத்தின் வழியே சந்தைக்கு வந்தது. அந்தத் தாளைச் சோதிக்கப் பட்டறைகளுக்குப் போய்வந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இருவண்ண வண்டிகளில் ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிவதைக் கண்டு வண்ணக்காரர்கள் வசைபாடுவதைக் கேட்டார். 1925இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. அங்கும் சிக்கல் ஓரத்தில்தான்.

1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டறிந்த பாலியூரிதேன் பின்னாளில் இந்த இணக்கத்தைக் குலைத்தது. 1980களில் நிறத்தின்மேல் நிறமற்ற கிளியர் கோட் பூசும் முறை பரவியது. பட்டறையில் அதனுடன் ஹார்டனர் சேர்க்கிறார்கள். அதிலுள்ள ஐசோசயனேட் மூலக்கூறுகளைப் பின்னிப் பிணைத்துவிடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் எளிதில் அசையாது. ஆனால் தின்னருக்கும் கரையாது. புதியது பழையதன்மேல் உட்காருமே தவிர உள்ளே கலக்காது.

எனவே கலப்பதுபோலக் காட்டும் வித்தை பிறந்தது. பழைய பூச்சை மெல்லத் தேய்த்து, கிளியரை வெளிநோக்கி மெலிந்துகொண்டே போகுமாறு அடித்து, ஓரத்தில் படிந்த பொடித்துளிகளைத் தனித் தின்னரால் உருக்கி, இறுகியபின் 2000, 3000 எண் தாளால் தேய்த்துப் பாலிஷ் செய்வார்கள். கிளியரின் முழுத் தடிமனே சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. ஓரத்தில் அது பூஜ்யத்தை நெருங்குகிறது. பஃபிங் சக்கரம் ஒரு நொடி கூடுதலாக நின்றால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. தப்பினாலும், வெயில் சில ஆண்டுகளில் அந்தக் கோட்டை வெளிக்கொணரும். அதனால்தான் முழுத் தகட்டுக்கும் கிளியர் அடிக்கச் சொல்கிறார்கள். பின்பக்கத் தகடு இடைவெளியின்றிக் கூரையோடு சேரும் வண்டிகளில் அதற்கும் வழியில்லை; எங்கேனும் ஓர் ஓரம் விழுந்தே தீரும்.

இதற்கான விலையை நுரையீரலும் தருகிறது. ஐசோசயனேட் பனி தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. உள்ளங்கையளவு வேலைக்குத் தனியறை எதற்கு என்று திறந்த கூடத்திலேயே அடித்துவிடுவது உண்டு. பனி சிறிதானாலும் நஞ்சு அதேதான். காற்றுக்குழாய் பொருத்திய முகக்கவசம் அணிந்தவர்களும், அடித்து முடித்த கையோடு அதை மேலே தூக்கிவிடுகிறார்கள் என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை எச்சரித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பனி அப்போதும் காற்றில் நிற்கிறது. அவர்கள் கவசத்தைத் தூக்குவது, பூச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக.