பாரிஸ்டர் அங்கியில் ஒரு சைவர்: சர் முத்துக்குமாரசுவாமி

லண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகம் 1863-ஆம் ஆண்டில் ஒரு தமிழரைப் பாரிஸ்டராக ஏற்றுக்கொண்டது. அதுவரை கிறிஸ்துவர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டுமே திறந்த கதவு அது. அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவின் ஞானேந்திரமோகன் தாகூர் பாரிஸ்டர் ஆகியிருந்தார்; ஆனால் அவர் கிறிஸ்துவராக மதம் மாறியவர். சைவராகவே உள்ளே சென்று, சைவராகவே வெளியே வந்த முதல்வர் முத்துக்குமாரசுவாமி.

யாழ்ப்பாணத் தமிழர்களை நம் நாட்டு மக்கள் நன்கறிவார்கள். மலாயாவின் ரயில் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்த பலர் அந்த மண்ணிலிருந்து வந்தவர்களே. அவர்கள் இங்கு வருவதற்கு முன்பே, அதே மண்ணின் வம்சாவளியில் 1834-இல் கொழும்பில் பிறந்தவர் முத்துக்குமாரசுவாமி. தந்தை ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி, இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே அவர் காலமானார்.

வழக்கறிஞரான முத்துக்குமாரசுவாமி 1860-களின் தொடக்கத்தில் அதே சபைக்குள் நுழைந்தார். அங்கே அரசாங்க அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் ஆறு பேர்தான். மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலா ஓர் இடம். இந்த ஆறு பேரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தாலும் அதிகாரிகளின் எண்ணிக்கையே வெல்லும். ஆறு பேரையும் நியமிப்பவரும் ஆளுநரே. தமிழர் பிரதிநிதி என்ற பெயர் இருந்தது. தமிழர் வாக்கு என்ற ஒன்று இல்லை.

அப்படியானால் அவர் சாதித்தது என்ன? நம்மைப் பற்றி ஆங்கிலேயர் எழுதுவதை நாம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நம்மை நாமே அவர்களுக்கு எடுத்துச் சொல்ல முடியும் என்று காட்டினார். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1863-இல் லண்டனில் வெளியிட்டார். நாடும் மனைவியும் மகனும் போனாலும் வாய்மையை விடாத அந்த மன்னனின் கதை பாக்கார் ஆராங் வரை தமிழர் வாழும் ஊர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். பின்னர் 1874-இல், பாலி மொழியிலிருந்து சுத்த நிபாதம், தாதவம்சம் ஆகிய பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் தந்தார். ஒரு சைவர், சிங்கள மக்கள் போற்றும் நூல்களை உலகுக்கு எடுத்துக் கொடுத்தார். தன் சமயத்தை விடாதவருக்குப் பிறர் சமயத்தை மதிப்பதில் அச்சம் இருக்கவில்லை.

1874-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. கெண்ட்டைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபியை மணந்தார். 1879 மே 4-ஆம் தேதி, 45-ஆவது வயதில் கொழும்பில் மறைந்தார். அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத மகன்தான், பிற்காலத்தில் இந்தியக் கலையை உலகறியச் செய்த ஆனந்த குமாரசுவாமி.

காலியான இடத்துக்கு அவருடைய சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதன் நியமிக்கப்பட்டார். 1915 கலவரத்தின்போது சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட, அவர்களுக்காகச் சபையில் வாதாடியவர் இவர். இவருடைய தம்பி அருணாசலம், 1919-இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு உறுதி கூறப்பட்ட ஓர் இடம் மறுக்கப்பட்டதும், அந்தக் காங்கிரசை விட்டு வெளியேறினார். மாமன் அமர்ந்தது நியமன இடம். மருமகன் கேட்டதும் ஒரே ஓர் இடம். அதையும் பெற முடியவில்லை.

மலாயாவும் இதே வழியில்தான் நடந்தது. கூட்டரசு மன்றத்தில் 1928-இல் இந்தியர் பிரதிநிதியாக வழக்கறிஞர் வீராசாமி நியமிக்கப்பட்டார். நாடு தழுவிய பொதுத்தேர்தல் 1955-இல்தான் வந்தது.

யாரோ தரும் நாற்காலியில் அமர்ந்தவரின் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், நாற்காலி அவருடையது அன்று. முத்துக்குமாரசுவாமி கல்வியால் ஒரு கதவைத் திறந்தார். அதன் வழியே மக்கள் நுழைவதற்கு வாக்குச் சீட்டு தேவைப்பட்டது. அவருக்குக் கிடைக்காத அந்தச் சீட்டு இன்று நம் கையில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தும் தேர்தல் நாளில் வீட்டில் இருப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.